கருவும் கணக்கும்: மைசூர் இராச்சியத்தின் கருத்தடை மையங்களும் கோலார் தங்கவயல் தமிழரும்

முன்னுரை

1930ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மைசூர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி பெங்களூரிலும் மைசூரிலும் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை மையங்கள் தொடங்கப்பெற்றன. அரசே நடத்திய கருத்தடை மையங்களுள் உலகில் முதலாவன இவையே என்பர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். திவான் மிர்சா இஸ்மாயில். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் வெளிவந்த குடி அரசு இதழில் பெரியார் ஈ.வெ.ராமசாமி கர்ப்பத்தடை பற்றி எழுதினார். இவ்விரு நிகழ்வுகளின் எல்லைக்குள்ளும் ஒருங்கே அமைந்த ஊர் கோலார் தங்கவயல். அது மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. தமிழ் அச்சுலகின் வாசிப்புக்கும் உட்பட்டது.

கருத்தரிப்பு, கருத்தடை, கருவின் தொடக்கநாள்கள் ஆகியவை குறித்துத் தமிழரிடையே நிலவிய அறிவும் பிழைநம்பிக்கையும் எவ்வாறு சொல்லிலும் நூலிலும் பதிந்தன என்பதையும், இருபதாம் நூற்றாண்டின் அச்சும் அரசும் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும் தங்கவயல் தமிழரை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தங்கவயல்: உடலே முதலாக வாழ்ந்த ஊர்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் கோலார்ப் பகுதியில் தங்கச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் விரிந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சென்று குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் தங்கவயலின் மக்கள்தொகை 38,204 ஆகும்.

ஆண்கள் நிலத்தடியில் உழைத்தனர். பெண்கள் தரைமேல் நடந்த வேலைகளில் ஈடுபட்டனர். தட்டி வீடுகளில் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. நிலமோ கால்நடையோ இல்லாத இம்மக்களுக்கு உடலே முதல். ஆகவே பெண் கருவுற்றாளா, எப்போது கருவுற்றாள், அடுத்த குழந்தை எப்போது என்னும் வினாக்கள் கூலியோடும் சோற்றோடும் பிணைந்தவை. நாள்கணக்கில் நேரும் சிறு பிழைக்கும் இங்கே விலை உண்டு.

தங்கவயல் தமிழர் எழுத்தறிவற்ற திரளாக மட்டும் இருந்தனர் எனக் கருதுதல் தவறு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்சிலும் வேரூன்றியது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைந்தபின் 1920களின் பிற்பகுதியில் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்சில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. பௌத்த சங்கத்தாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் இங்கு நெருங்கிச் செயற்பட்டனர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இவ்வூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும் கருதத்தக்கது. தம் உடலின்மேல் பிறர் கொள்ளும் அதிகாரம் பற்றிய உணர்வு இவர்களிடம் முன்பே இருந்தது.

சொல்லில் பதிந்த அறிவு

கருவுற்ற பெண்ணை வடதமிழகப் பேச்சுவழக்கு முழுகாமல் இருப்பவள் எனச் சுட்டும். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் நின்றதே கருவின் அடையாளம் என்னும் கருத்து இத்தொடரில் அமைந்துள்ளது. தங்கவயலுக்குச் சென்றோர் எடுத்துச் சென்ற வழக்குகளுள் இதுவும் ஒன்று. இன்றைய மருத்துவமும் கருவின் வயதை இறுதி மாதவிலக்கின் முதல்நாளிலிருந்தே எண்ணுகின்றது. ஆதலின் வழக்கும் மருத்துவமும் ஒரே தொடக்கப்புள்ளியைக் கொண்டுள்ளன எனலாம்.

ஆயினும் இவ்வடையாளம் உறுதியானதன்று. குருதிச்சோகை, மனவழுத்தம், பாலூட்டும் காலம், ஒழுங்கற்ற சுழற்சி ஆகியவற்றாலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். மாறாக, கருவுற்ற தொடக்க வாரங்களில் சிறிதளவு குருதிப்போக்கு ஏற்படுவதும் உண்டு. அதனை மாதவிலக்கு எனக் கொண்டு ஒரு மாதம் பிழையாக எண்ணுவோர் உளர். 1920களின் இறுதியில் ஆஷைம், சோண்டெக் ஆகிய செருமானிய அறிஞர்கள் சிறுநீரை எலிக்குச் செலுத்திக் கருவை அறியும் முறையைக் கண்டறியும்வரை மருத்துவரும் புறக்குறிகளையே நம்பியிருந்தனர். மாதவிலக்கு தள்ளிய சில நாளிலேயே சிறுநீரைக் கொண்டு வீட்டில் அறியும் முறை இன்று எளிதாகிவிட்டது.

புறக்குறிகளைப் பழந்தமிழ் இலக்கியம் நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. வயா என்னும் சொல்லைத் தொல்காப்பிய உரியியல் வேட்கை மிகுதிக்கு உரியதாகக் கூறுகின்றது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் புறநானூற்று 20ஆம் பாடல், அவனது நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கையால் உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்னும் பொருள்பட அமைந்துள்ளது. மண்ணுண்ணும் இவ்வேட்கைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு காணப்படுவதாக இன்றைய மருத்துவம் கூறும். புலவர் பெருமிதமாகப் பாடிய குறி, மருத்துவர் நோக்கில் குருதியைச் சோதிக்கவேண்டிய குறியாகின்றது.

குறுந்தொகை 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் நிறைந்து தளர்ந்து எழும் மேகத்திற்குப் பன்னிரண்டு திங்கள் நிறைந்து புளிப்பில் வேட்கை கொண்ட சூல்மகளிரை உவமையாக்குகின்றார். வழக்கோ பத்து மாதம் என்னும். பள்ளிப்பாடம் ஒன்பது மாதம் என்னும். இவற்றுள் பத்து மாதம் என்பதைப் பாமரர் பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது. இறுதி மாதவிலக்கிலிருந்து மகப்பேறு வரையிலான காலம் ஏறத்தாழ 280 நாள். 28 நாள் கொண்ட சுழற்சியால் வகுத்தால் அது சரியாகப் பத்தாகும். நாட்காட்டி மாதங்களால் எண்ணினால் ஒன்பதும் சில நாளும் ஆகும். எண்ணும் அலகே வேறு, உண்மை ஒன்றே. பன்னிரண்டு திங்கள் என்பதோ இக்கணக்குகளுள் எதனோடும் பொருந்தாது. தவறிய மாதவிலக்கு நாளை முன்கூட்டி எண்ணும் பிழையும், கவிஞரின் மிகைநோக்கும் இத்தகைய எண்ணுக்குக் காரணமாகலாம்.

நாள்கணக்கு: பழைய நூல்களும் புதிய அறிவும்

கருத்தரிக்கும் நாள் எது என்பதே இத்துறையில் மிகுதியான பிழைநம்பிக்கைக்கு இடமான வினாவாகும். தொல்காப்பியக் கற்பியல், பூப்பினைத் தொடர்ந்த பன்னிரண்டு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என விதிக்கின்றது. பரத்தையிற் பிரிந்த தலைவனுக்கும் இவ்விதி உரியது. இந்நாள்களைக் கருத்தரிப்போடு தொடர்புபடுத்தி விளக்குவது உரைமரபு. மனு தரும சாத்திரம் பூப்பு முதலாகப் பதினாறு இரவுகளைக் கணக்கிட்டு, இரட்டைப்படை இரவுகள் ஆண்மகவுக்கும் ஒற்றைப்படை இரவுகள் பெண்மகவுக்கும் உரியன என்னும். திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியைப் பகுதி, மூச்சு வலநாசியில் ஓடினால் ஆண், இடநாசியில் ஓடினால் பெண் எனக் கருதும் யோகமரபைக் காட்டுகின்றது.

மகவு ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவிலுள்ள இனக்கீற்றே தீர்மானிக்கின்றது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் புழுவண்டின் அணுக்களை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டினார். ஆயினும் பெண்மகவையே பெற்றாள் என்று தாயைக் குறைகூறும் வழக்கு இதன்பின்னும் நீடித்தது.

கருத்தரிக்கும் நாள் குறித்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் பெரும்பிழை ஒன்றைப் பரப்பியது. விலங்குகளின் வேட்கைக்காலத்தோடு மாதவிலக்கை ஒப்பிட்ட மருத்துவர், மாதவிலக்கை ஒட்டிய நாள்களே கருத்தரிக்கும் நாள்கள் என்றும், இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட நாள்கள் அச்சமற்றவை என்றும் எழுதினர். அதனை நம்பிக் கருவைத் தவிர்க்க முயன்றோர் கருத்தரிக்கும் நாள்களையே தேர்ந்துகொண்டனர். 1920களில் ஜப்பானின் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் கனாசும் தனித்தனியே ஆராய்ந்து, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரு வாரம் முன்னரே கருமுட்டை வெளிப்படுகின்றது என நிறுவினர். 1995இல் வெளிவந்த வில்காக்ஸ் குழுவினரின் ஆய்வு, கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் ஆகிய ஆறு நாள்களே கருத்தரிப்புக்கு உரியன எனக் காட்டியது. கருமுட்டை ஒரு நாளளவே நிலைக்கும். விந்தணு ஐந்து நாள்வரை உயிர்ப்புடன் இருக்கலாம்.

28 நாள் சுழற்சியுடைய பெண்ணுக்கு இவ்வாறு நாள் ஏறத்தாழ ஒன்பதாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அமையும். தொல்காப்பியப் பன்னிரண்டு நாளைப் பூப்பு முதலாக எண்ணினால் அதன் இறுதிப்பகுதி இக்காலத்தில் விழும். விலக்குநாள் மூன்றையும் கழித்து எண்ணினால் இக்காலம் முழுதும் அதனுள் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவ நூல்களைவிட இவ்விதி உண்மைக்கு அணுக்கமானது. இதனைக் கொண்டு கருமுட்டை வெளிப்பாட்டைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் எனல் மிகையாகும். அகலமாக வீசிய வலையில் மீன் அகப்பட்டது என்பதே தகும். மகவு வேண்டுவோருக்கு அகன்ற கணக்கு போதும். மகவு வேண்டாதோருக்கு அது போதாது. பழைய நூல்கள் முன்னவரையே நோக்கின. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வினா பின்னவருடையது.

அச்சு கொண்டுவந்த விவாதம்

பின்னவரின் வினாவைத் தமிழ் அச்சுலகம் 1880களிலேயே எழுப்பியது. 1882இல் சென்னையில் மால்தூசியச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் தொடங்கிய தத்துவவிவேசினி இதழைச் சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்தினர். இங்கிலாந்தின் நாத்திகச் சிந்தனையாளரோடு தொடர்புகொண்ட இவர்கள் மக்கள்தொகை, வறுமை, இளமைமணம் ஆகியவற்றை இணைத்து விவாதித்தனர். 1928ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீதிபதி வேபா ராமேசம் முதலியோர் முயற்சியால் நவமால்தூசியச் சங்கம் சென்னையில் உருப்பெற்றது. இவ்விரு முயற்சிகளிலும் நாட்டின் மக்கள்தொகையும் குடும்பத்தின் பொருள்நிலையும் முதன்மை பெற்றன.

பெரியாரின் வாதம் இவற்றினின்று வேறுபட்டது. பெண்ணின் உடல்நலம், குழந்தையின் வளர்ச்சி, நாட்டின் வறுமை எனப் பிறர் காரணம் கூற, பெண்ணின் விடுதலையே தம் காரணம் என அவர் விளக்கினார். பெண் ஏன் அடிமையானாள் என்னும் நூலிலும் இக்கருத்து இடம்பெற்றது. கர்ப்ப ஆட்சி என்னும் பெயரில் அவரது நூலும் வெளிவந்தது.

இங்குச் சொற்களின் வரலாறு நோக்கத்தக்கது. கர்ப்பத்தடை என்பது செயலைச் சுட்டும். குடும்பக் கட்டுப்பாடு என்பது குடும்பத்தை முன்னிறுத்திக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதை மறைக்கும். 1977க்குப்பின் அரசு மேற்கொண்ட குடும்ப நலம் என்பது செயலையும் மறைக்கும். கர்ப்ப ஆட்சி என்னும் தொடரோ ஆள்பவர் யார் என்னும் வினாவை எழுப்பும். அரசுவழக்கில் இத்தொடர் நிலைபெறாமல் போனது தற்செயல் அன்று.

அரசு காட்டிய வழி

மைசூர் அரசின் 1930ஆம் ஆண்டு முயற்சி காலத்தால் மிக முற்பட்டது. 1932இல்தான் சென்னைப் பல்கலைக்கழக செனட் கருத்தடைக் கல்வியை ஏற்றது. இந்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952இல் தொடங்கியது. எனினும் மைசூர் அரசின் மையங்கள் இரு பெருநகரங்களில் அமைந்தன. தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நாட்கூலி பெறும் பெண் ஒருத்தி ஆலோசனைக்காக ஒரு நாளை இழந்து அவ்வளவு தொலைவு செல்லுதல் எளிதன்று. தங்கவயலின் மருத்துவமனையோ சுரங்க நிறுவனத்தினுடையது. தொழிலாளியின் காயத்திற்கும் நோய்க்கும் பணிக்கு மீளும் தகுதிக்கும் முதலிடம் தருவது அத்தகைய அமைப்பின் இயல்பு.

விடுதலைக்குப்பின் மைசூர் நாட்டிலேயே மற்றொரு சோதனை நடந்தது. நடுவண் நலத்துறை அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்திய நெறியினர். கருவியோ மருந்தோ இல்லாத முறையை விரும்பினார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு அமெரிக்க மருத்துவர் ஏப்ரகாம் ஸ்டோனின் வழிகாட்டலில் 1952இல் பெங்களூரை அடுத்த ராமநகரத்திலும் தில்லியின் லோதி குடியிருப்பிலும் நாள்கணக்கு முறை சோதிக்கப்பட்டது. பெண்களுக்கு வண்ணமணி மாலைகள் வழங்கப்பட்டன. நாளுக்கு ஒரு மணியாகத் தள்ளவேண்டும். பச்சை மணி அச்சமற்ற நாள். சிவப்பு மணி கருத்தரிக்கும் நாள்.

இம்முறை பெரும்பயன் தரவில்லை. மணிகளின் நிறம் இருளில் தெரியவில்லை. மாலையே கருவைத் தடுக்கும் என நம்பியவர்களும் இருந்தனர் என்பர். சுழற்சி ஒழுங்கற்றவர்க்கு மணியின் கணக்கு பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மணி சிவப்பு எனக் காட்டினாலும் மறுக்கும் உரிமை பெண்ணிடம் இல்லை. இச்சோதனையின் தோல்வியைப் பெண்களின் அறியாமைக்கு ஏற்றுதல் முறையன்று. ஒகினோ, கனாஸ் கண்ட உண்மை சரியானதே. அதனைச் செயற்படுத்தும் அதிகாரம் அவ்வுண்மையோடு வழங்கப்படவில்லை.

ஆணுடல் பற்றிய அச்சம்

சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே ஆண்களுக்கான கருத்தடை அறுவையை ஊக்கத்தொகையோடு பரப்பியது. விந்துக்குழாயை அறுத்தால் வலிமை குன்றும், கடின வேலை செய்ய இயலாது, ஆண்மை நீங்கும் என்னும் அச்சம் அன்று முதல் இன்றுவரை நிலவுகின்றது. விந்து உடலின் சாரம், அதன் இழப்பு வலிமையின் இழப்பு என்னும் பழைய கருத்தே இதன் அடிப்படை. உடல்வலிமையே கூலியாகும் தங்கவயல் போன்ற தொழிலூரில் இவ்வச்சம் பொருளியல் அச்சமும் ஆகும்.

மருத்துவம் கூறுவது வேறு. இவ்வறுவை விந்தணு செல்லும் குழாயை மட்டுமே தடுக்கின்றது. ஆண்மைச் சுரப்பு குருதிவழிச் செல்வதால் அது குறைவதில்லை. வேட்கையோ வலிமையோ மாறுவதில்லை. அறுவை முடிந்த உடனே பயன் கிட்டும் என்பதும் பிழையே. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, விந்தணு இல்லை எனச் சோதித்து அறியும்வரை வேறு தடை தேவை. இதனை அறியாத குடும்பங்களில் இடைக்காலத்தில் உண்டாகும் கரு, மனைவியின் ஒழுக்கத்தின்மீது ஐயத்தை எழுப்பும்.

இவ்வச்சத்தை அரசே பெருக்கிய காலமும் உண்டு. நெருக்கடிநிலையின்போது 1976-77ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 83 இலட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. கட்டாயம் மிகுந்த அக்காலத்தின் பின் ஆண் அறுவை வீழ்ந்தது. சுமை பெண்ணுக்கு மாறியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டோர் 0.3 விழுக்காட்டினரே. பெண்ணின் அறுவையைவிட ஆணின் அறுவை எளிது, இடர் குறைந்தது என்பதை நோக்க, இவ்வெண்கள் ஒரு பிழைநம்பிக்கையின் விலையைக் காட்டுகின்றன.

பழியும் உண்மையும்

பெண்மீது சுமத்தப்படும் பழிகள் வேறு சிலவும் உண்டு. மலடி என்னும் சொல் வழக்கில் பரவிய அளவு மலடன் என்னும் சொல் பரவவில்லை. குழந்தைப்பேறின்மைக்கு ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒத்த அளவில் காரணமாகின்றனர் என மருத்துவம் கூறும். ஆதலின் சோதனை இருவருக்கும் உரியது.

பாலூட்டும் காலத்தில் கரு உண்டாகாது என்பது பாதி உண்மை. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதன் எல்லையை வரையறுத்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், தாய்ப்பாலே உணவாக, மாதவிலக்கு மீளாமல் இருப்பின் 98 விழுக்காடு காப்பு உண்டு. இம்மூன்றனுள் ஒன்று தவறினும் காப்பு குறையும். வேலைக்குச் சென்று பகலில் பாலூட்ட இயலாத தாய்க்கு இந்நம்பிக்கை துணையாகாது.

பப்பாளி கருவைக் கலைக்கும் என்பதிலும் பகுத்தறிதல் வேண்டும். 2002இல் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில் பழுத்த பப்பாளி தீங்கு செய்யவில்லை. காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது. காயைத் தவிர்த்தல் தகும். ஆயினும் கருத்தடையாகவோ கருக்கலைப்பாகவோ அதனை நம்புதல் இடர். அறியப்பட்ட கருக்களுள் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை தாமே கலைகின்றன. தொடக்கக் காலச் சிதைவுகளுள் ஏறத்தாழ பாதிக்கு இனக்கீற்றுப் பிழையே காரணம். உணவும் கண்ணேறும் தாயின் அன்றாட வேலையும் காரணம் எனப் பழித்தல் பெரும்பாலும் ஆதாரமற்றது. தொடக்க வாரங்களில் அடிவயிற்றில் ஒருபுறக் கடுவலியும் குருதிப்போக்கும் மயக்கமும் தோன்றினால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அது உயிருக்கு இடரானது; கைமருந்தில் காலம் கழித்தல் ஆகாது. மருத்துவரின் வழியில் கருக்கலைப்புச் செய்துகொள்ள 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு அதன் எல்லையை 24 வாரமாக நீட்டியது.

முடிவுரை

தமிழரின் வழக்கும் இலக்கியமும் கருவின் குறிகளைக் கூர்ந்து நோக்கின. பத்து மாதம், முழுகாமை ஆகிய வழக்குகளில் உண்மை உண்டு. இரட்டை இரவு, மூச்சோட்டம் ஆகியவற்றில் உண்மை இல்லை. எனவே மரபு முழுவதையும் ஏற்றலும் முழுவதையும் தள்ளலும் ஆய்வுநெறி ஆகா. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடுதலே தகும். பிழைநம்பிக்கை மரபுக்கு மட்டும் உரியதன்று என்பதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவநூல்களின் நாள்கணக்கு உணர்த்துகின்றது.

சரியான அறிவு மட்டும் போதாது என்பதை ராமநகரத்தின் மணிமாலை காட்டுகின்றது. அறிவு சென்றுசேரும் தொலைவும், அதனைப் பயன்படுத்தும் உரிமையும் வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் மூடிக்கிடந்த நிறுவன மருத்துவமனை 2021இல் கொரோனா நோயாளிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தங்கவயல் பெண்கள் அரசு மருத்துவமனையையும் தனியாரையும் வெளியூரையுமே நாடவேண்டியிருந்தது. 1930இல் அரசு எழுப்பிய வினா, எத்தனை குழந்தை என்பது. அதே ஆண்டில் குடி அரசு எழுப்பிய வினா, முடிவெடுப்பவர் யார் என்பது. முன்னைய வினாவிற்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிட்டது. கருத்தடையின் சுமை ஏறத்தாழ முழுதும் பெண்ணின் உடலிலேயே தங்கியிருக்கும்வரை பின்னைய வினா விடையின்றியே நிற்கும்.